ஐஎஸ்இ-யில் லொக் எடுத்து அனுப்புவது எப்படி? கிளை அலுவலக வலையமைப்புப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கணினி வலையமைப்பில் சேர மறுக்கிறது. பயனர் சரியான கடவுச்சொல்லைத்தான் இடுகிறார், கேபிளிலும் குறையில்லை, நுழைவைக் கட்டுப்படுத்தும் முறைமைதான் (எங்களிடம் அது சிஸ்கோவின் ஐஎஸ்இ) எங்கோ தடுக்கிறது. கொழும்பிலுள்ள முகவரைக் கேட்டாலும் உற்பத்தியாளரின் உதவிப் பிரிவைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "லொக் அனுப்புங்கள்" என்பதே. லொக் என்பது நடந்தவற்றை இயந்திரம் நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவு. எந்த லொக், எந்த இயந்திரத்தில் எடுத்தது, எந்த நேரத்துக்குரியது என்பதையெல்லாம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. திருகோணமலை நகரில் தலைமை அலுவலகமும் கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கங்களில் கிளைகளும் உள்ள ஒரு நிறுவனத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவன் நான். அனுப்பிய கோப்புகள் "போதாது" என்று திரும்பத் திரும்ப வந்த அலைச்சலுக்குப் பிறகு எங்களிடம் நிலைத்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இங்கே வருகின்ற மெனுப் பெயர்கள் சிஸ்கோ ஐஎஸ்இ-யின் 3 ஆம் வரிசைப் பதிப்புகளுக்குரியவை. அரூபா கிளியர்பாஸ், பாக்கெட்ஃபென்ஸ் போன்ற பிற நுழைவுக் கட்டுப்பாட்டு முறைமைகளில் பெயர்கள் மாறும். செய்யும் ஒழுங்கு மாறாது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

1. கணினியைத் தொடுவதற்கு முன் ஆவணங்களைச் சேருங்கள்

பராமரிப்பு ஒப்பந்தத்தின் இலக்கம், ஐஎஸ்இ இயந்திரத்தின் தொடரிலக்கம், பதிப்பும் அதன் மேல் ஏற்றப்பட்டுள்ள பேட்ச் (திருத்தத் தொகுப்பு) இலக்கமும், சுவிட்சின் மாதிரியும் அதில் ஓடும் மென்பொருள் பதிப்பும், ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்ட சிஸ்கோ கணக்கு ஆகியவை ஒரே தாளில் இருக்கட்டும். கடைசியில் சொன்ன கணக்கில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். உபகரணத்தை வாங்கிய காலத்தில் முகவர் தன் பெயரிலேயே ஒப்பந்தத்தைப் பதிந்திருந்தால், உங்கள் கணக்கிலிருந்து முறைப்பாடே திறக்க முடியாது. பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு நாளில் இதைச் சரிபார்த்து, உங்கள் கணக்கை ஒப்பந்தத்தோடு இணைக்கும்படி முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது அனுமதிக் கடிதம். லொக் கோப்புகளில் ஊழியர்களின் பயனர் பெயர், அவர்களின் சாதன முகவரி, எந்த நேரத்தில் எந்த அறையின் சுவிட்சில் இணைந்தார்கள் என்பன எல்லாம் இருக்கும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது ஒருபுறமிருக்க, சக ஊழியர்களின் நடமாட்டத்தைக் காட்டும் ஒரு கோப்பை வெளியாருக்கு அனுப்புவது ஒரு தொழில்நுட்ப அலுவலர் தனியாக முடிவெடுக்கக்கூடிய விடயமன்று என்பது என் உறுதியான எண்ணம். என்ன கோப்பு, யாருக்கு, எதற்காக என்ற மூன்றையும் எழுதி நிறுவனத் தலைவரின் ஒப்பத்தைப் பெற்றுக் கோவையில் இடுங்கள். பிரச்சினை வந்த பிறகு தலைவர் கூட்டத்தில் இருப்பார், அல்லது கொழும்புக்குப் போயிருப்பார். ஆகவே ஆண்டுக்கு ஒரு தடவை பொதுவான அனுமதியாகவே வாங்கி வைப்பது நல்லது.

2. எல்லா மணிக்கூடுகளையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். லொக் சேகரிப்பது என்பது பயனரின் கணினி, சுவிட்ச், ஐஎஸ்இ என்ற மூன்று இடங்களில் ஒரே நிமிடத்தில் நடந்ததை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான். மூன்றும் வெவ்வேறு நேரம் காட்டினால் எத்தனை ஜிகாபைட் அனுப்பினாலும் மறுமுனையில் இருப்பவரால் எதையும் பொருத்திப் பார்க்க முடியாது.

சுவிட்சில் "ஷோ கிளொக் டீடெய்ல்" என்று கேளுங்கள். நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அந்த நேரத்தை நம்ப வேண்டாம் என்று சுவிட்சே சொல்கிறது என்று பொருள். புள்ளி இருந்தால், நேரம் முன்பு ஒத்திசைந்திருந்தது, இப்போது என்டிபி (வலையமைப்பு வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) தொடர்பு இல்லை என்று பொருள். கிளைகளில் மின்சாரம் போய் வரும்போது, யூபிஎஸ் இல்லாத பழைய கேட்டலிஸ்ட் சுவிட்சுகள் 1993 மார்ச் 1 என்ற திகதியிலிருந்து எண்ணத் தொடங்கும். லொக்கில் நட்சத்திரத்தோடு மார்ச் 1 என்று ஒரு வரி கண்ணில் பட்டால் உடனே என்டிபி-யைப் பாருங்கள். யூடிபி 123 ஆம் போர்ட் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையில் எங்காவது தடுக்கப்பட்டிருப்பது வழக்கம்.

சுவிட்சில் நேர வலயத்தை (இலங்கைக்கு +5.30) இடும்போது 5 என்பதையும் 30 என்பதையும் தனித்தனியாக இட வேண்டும். 30-ஐ விட்டுவிட்டால் சுவிட்ச் எந்தப் பிழையும் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும். நேரம் மட்டும் அரை மணி பின்தங்கி நிற்கும். ஐஎஸ்இ-யின் நேர வலயத்தை மட்டும், அது தவறாக இருந்தாலும், நிறுவிய பிறகு நீங்களாக மாற்றாதீர்கள். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு முறைப்பாட்டில் எழுதிவிடுங்கள். சுவிட்சின் லொக் வரிகளில் மில்லி விநாடியும் உள்ளூர் நேரமும் வரும்படி "சேர்விஸ் டைம்ஸ்டாம்ப்ஸ்" கட்டளையை டிபக் (பிழை தேடுவதற்கான விரிவான பதிவு), லொக் இரண்டுக்கும் இடுங்கள்.

சுவிட்சின் லொக் அதன் நினைவகத்தில் மட்டும் இருந்தால் மின்சாரம் போனதும் அழிந்துவிடும். தலைமை அலுவலகத்தில் ஒரு சிஸ்லொக் சேர்வர் (பிற சாதனங்களின் லொக்கை வாங்கிச் சேமிப்பது) வைத்து எல்லாக் கிளைச் சுவிட்சுகளையும் அதற்கு அனுப்பச் செய்யுங்கள். பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும்.

3. ஒரே ஒரு சாதனத்தைத் தெரிந்தெடுங்கள்

"கிண்ணியாக் கிளையில் ஒருவருக்கும் வேலை செய்யவில்லை" என்ற முறைப்பாட்டை வைத்துக்கொண்டு லொக் எடுக்க முடியாது. ஒரு பயனர், ஒரு கணினி, ஒரு சுவிட்ச் போர்ட் என்று குறுக்குங்கள். அந்தச் சாதனத்தின் மேக் முகவரியை (வலையமைப்பில் சாதனத்தை அடையாளம் காட்டும் 12 எழுத்துக் குறியீடு) குறித்துக்கொள்ளுங்கள். ஒரே முகவரியை விண்டோஸ் இரண்டிரண்டு எழுத்தாகச் சிறுகோடிட்டும், ஐஎஸ்இ-யின் திரை இரண்டிரண்டாக முக்காற்புள்ளியிட்டும், சுவிட்ச் நான்கு நான்காகப் புள்ளியிட்டும் காட்டும். கோப்புக்குள் தேடும்போது ஒரு வடிவில் கிடைக்கவில்லை என்பதால் பதிவே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். மூன்று வடிவிலும் தேடுங்கள்.

கைபேசியானால் இன்னுமொரு பொறி உண்டு. ஆண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 முதற்கொண்டு கைபேசிகள் வைஃபைக்கு ஒரு புனைவு முகவரியைக் கொடுக்கின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது சாதனத்தின் சொந்த முகவரியன்று. பெட்டியில் அச்சிட்ட முகவரியை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. குறிப்பிட்ட வைஃபையின் அமைப்புக்குள் சென்று, அங்கே காட்டும் முகவரியையே எடுங்கள்.

4. லைவ் லொக்கில் இருந்து தொடங்குங்கள்

ஐஎஸ்இ-யில் ஒபரேஷன்ஸ், ரேடியஸ், லைவ் லொக்ஸ் என்று செல்லுங்கள். (ரேடியஸ் என்பது சுவிட்ச் ஐஎஸ்இ-யிடம் நுழைவு அனுமதி கேட்கும் முறை.) லைவ் லொக் கடந்த 24 மணித்தியாலங்களை மட்டுமே காட்டும். அதற்கு முந்தியவற்றை ரிப்போர்ட்ஸ் பகுதியில் ரேடியஸ் ஒதென்டிகேஷன்ஸ் அறிக்கையில்தான் பார்க்க முடியும். உங்கள் முகவரிக்குரிய வரியின் விவரப் பக்கத்தைத் திறந்து, பக்கம் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். மேல் பாதியை மட்டும் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பயனுள்ளது வலப்புறம் நிரலாக வரும் படிகளின் பட்டியல்தான்; எந்தப் படியில் நின்றது என்பதை அதுதான் காட்டும்.

தோல்வி இலக்கத்தைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை லொக் அனுப்பாமல் தீர்ந்துவிடும். 22056 என்றால் அந்தப் பயனரோ சாதனமோ தேடிய பட்டியலில் இல்லை. 24408 என்றால் ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் விண்டோஸ் பயனர் கணக்குகள் இருக்கும் இடம்) கடவுச்சொல் பிழை. 12321 என்றால் ஐஎஸ்இ காட்டிய சான்றிதழைப் பயனரின் கணினி ஏற்கவில்லை. 12514 என்றால் பயனரின் சான்றிதழை வழங்கிய அமைப்பை ஐஎஸ்இ-க்குத் தெரியாது. 11036 வந்தால் சுவிட்சிலும் ஐஎஸ்இ-யிலும் இட்ட இரகசியச் சொல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 11007 என்றால் அந்தச் சுவிட்ச் ஐஎஸ்இ-யில் பதியப்படவில்லை. பதிந்திருந்தும் 11007 வந்தால், சுவிட்ச் வேறொரு ஐபி முகவரியிலிருந்து கேட்கிறது. ரேடியஸ் சோர்ஸ் இன்டர்ஃபேஸைப் பாருங்கள். 5411, 5440 ஆகிய இரண்டும்தான் தலைவலி. பயனரின் கணினி பாதியில் பேச்சை நிறுத்தியது அல்லது மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது என்பதை மட்டும் அவை சொல்லும், காரணத்தைச் சொல்லா. அடுத்து வரும் படிகள் பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 802.1எக்ஸ் முறையில் (கடவுச்சொல்லோ சான்றிதழோ காட்டி) நுழைய வேண்டிய கணினி, லைவ் லொக்கில் எம்ஏபி (மேக் முகவரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் முறை) என்று பதிவாகியிருந்தால், அந்தக் கணினியில் வயர்டு ஓட்டோகொன்ஃபிக் என்ற சேவை ஓடவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். விண்டோஸில் அது தானாகத் தொடங்குவதில்லை. புதிதாக விண்டோஸ் ஏற்றிய கணினிகளில் இதை அடிக்கடி காண்கிறோம். ஐஎஸ்இ-யில் எந்த லொக்கும் இதைத் தீர்க்காது.

லைவ் லொக்கில் எதுவுமே வரவில்லை என்றால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கோரிக்கை ஐஎஸ்இ-யை வந்தடையவில்லை. ஐஎஸ்இ-யின் டயக்னொஸ்டிக் டூல்ஸ் பகுதியிலுள்ள டிசிபி டம்ப்பை (வந்துபோகும் தரவைப் பதியும் கருவி), சுவிட்சின் ஐபி-யை வடிகட்டியாக இட்டு ஓடவிட்டால் 1812 ஆம் போர்ட்டுக்கு ஏதாவது வருகிறதா என்று தெரியும். மற்றது, ஒரே சாதனம் மீண்டும் மீண்டும் தோற்றதால் ஐஎஸ்இ அதன் பதிவுகளை அடக்கி வைத்திருக்கிறது. எதையும் மாற்றாத அமைப்பில் இப்படிப்பட்ட சாதனத்தை 60 நிமிடம் வரை ஆராயாமலே மறுத்துக்கொண்டும் இருக்கும். இந்த நிலையில் எடுக்கும் லொக் வெறுமையாகத்தான் இருக்கும். லைவ் லொக்கில் அந்தச் சாதனத்தின் மேல் சொடுக்கி, அடக்கலை ஒரு மணித்தியாலத்துக்குத் தவிர்க்கும் தெரிவை இட்ட பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

5. டிபக்கை உரிய நோடில், உரிய பகுதிக்கு மட்டும் ஏற்றுங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட ஐஎஸ்இ நோடுகள் (ஐஎஸ்இ ஓடும் இயந்திரங்கள்) இருந்தால், அந்தச் சாதனத்தை ஆராய்ந்த நோட் எது என்பது விவரப் பக்கத்தில் பொலிஸி சேர்வர் என்ற வரியில் இருக்கும். டிபக் ஏற்ற வேண்டியதும் பின்னர் பண்டில் (லொக் கோப்புகளின் தொகுப்பு) எடுக்க வேண்டியதும் அந்த நோடில்தான். நிர்வாக நோடில் எடுத்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நேரத்தை விழுங்குவது.

ஒபரேஷன்ஸ், ட்ரபிள்ஷூட், டிபக் விசார்ட், டிபக் லொக் கொன்ஃபிகரேஷன் என்று சென்று நோடைத் தெரிந்தெடுங்கள். நுழைவுப் பிரச்சினைக்கு ரன்டைம்-ஏஏஏ என்ற பகுதியை டிபக் நிலைக்கு மாற்றினால் போதும். பதிவு பிஆர்ஆர்டி-சேர்வர் என்ற கோப்பில் விழும். ஆக்டிவ் டைரக்டரியோடு சிக்கல் என்றால் அந்தப் பகுதியையும், சாதன வகையைத் தவறாக இனங்காண்கிறது என்றால் ப்ரொஃபைலரையும், விருந்தினர் பக்கம் என்றால் கெஸ்ட்அக்சஸையும் சேருங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஏற்றினால் கோப்புகள் விரைவில் நிரம்பிச் சுழன்று, உங்களுக்கு வேண்டிய நிமிடத்தின் பதிவே அழிந்துவிடும். மாற்றுவதற்கு முன் இருந்த நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலை 8.30 மணிக்கு இதைச் செய்யாதீர்கள். அலுவலகம் திறந்து எல்லோரும் ஒன்றாக நுழையும் அந்த நேரத்தில் நோடின் சுமையும் கூடும், பதிவும் வெள்ளமாக வரும். முற்பகல் பத்து மணி தாண்டிய பிறகோ பிற்பகல் இரண்டு மணியளவிலோ செய்வது எங்களுக்கு ஒத்துவருகிறது.

ஒரே ஒரு சாதனத்தின் சிக்கல்தான் என்றால் என்ட்பொயின்ட் டிபக் என்ற கருவியே போதும். மேக் முகவரியைக் கொடுத்தால் எல்லா நோடுகளிலும் அந்தச் சாதனத்துக்குரிய வரிகளை மட்டும் திரட்டித் தரும். கோப்பும் சிறியது.

6. பிரச்சினையை உங்கள் கண்முன் நிகழச் செய்யுங்கள்

கிளையில் ஒருவர் பயனரின் கணினியருகே இருக்க, நீங்கள் தலைமை அலுவலகத்தில் இருந்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது.

சுவிட்சுக்கு பட்டி (PuTTY) என்ற மென்பொருள் வழியாக நுழையும் முன், அதன் லொக்கிங் பகுதியில் திரையில் வரும் எல்லாவற்றையும் கோப்பில் எழுதும் தெரிவை இடுங்கள். நுழைந்ததும் "டெர்மினல் லென்த் 0" என்று இட்டால் நீண்ட வெளியீடு இடையில் நிற்காது. "ஷோ ஒதென்டிகேஷன் செஷன்ஸ் இன்டர்ஃபேஸ்" என்பதோடு போர்ட் பெயரையும் "டீடெய்ல்ஸ்" என்பதையும் சேர்த்து ஒரு முறை கேளுங்கள். பிறகு ரேடியஸ் டிபக்கை ஏற்றுங்கள். பயனரின் விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, கேபிளானால் வயர்டு-ஓட்டோகொன்ஃபிக், வைஃபையானால் டபிள்யூலான்-ஓட்டோகொன்ஃபிக் என்ற பதிவின் ஒபரேஷனல் பகுதியைத் தயாராக வையுங்கள்.

இப்போது கிளையிலுள்ளவரிடம் கேபிளைக் கழற்றி, பத்து விநாடி விட்டு, மீண்டும் செருகச் சொல்லுங்கள். செருகிய கணத்தில் அவர் நேரத்தை விநாடியோடு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஒரு முறை செய்யுங்கள். இரண்டு தோல்விகளும் அவற்றின் நேரங்களும் கையில் இருந்தால் போதும். முடிந்தால், அதே சுவிட்சில் நன்றாக வேலை செய்யும் இன்னொரு கணினியையும் ஒரு முறை கழற்றிச் செருகச் செய்யுங்கள். வெற்றியையும் தோல்வியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறுபடும் படி உடனே கண்ணில் படும். இதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனாலும் அனுப்புங்கள்.

முடிந்ததும் போர்ட்டின் நிலையை மறுபடி கேட்டு, "அன்டிபக் ஓல்" என்று டிபக்கை நிறுத்துங்கள். விண்டோஸின் பதிவை அதன் சொந்த வடிவிலேயே சேமியுங்கள். வைஃபைச் சிக்கலானால், நிர்வாகி உரிமையோடு "நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட்" என்று இட்டால் கடந்த மூன்று நாட்களின் அறிக்கை ஒன்று உருவாகும். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. பண்டில் எடுத்தல்

ஒபரேஷன்ஸ், ட்ரபிள்ஷூட், டவுன்லோட் லொக்ஸ் என்று சென்று, முன்பு குறித்த நோடின் பெயரைச் சொடுக்குங்கள். டிபக் லொக், லோக்கல் லொக், சிஸ்டம் லொக் ஆகியவற்றைத் தெரிந்தெடுங்கள். முழு அமைவுத் தரவுத்தளத்தை உதவிப் பிரிவு எழுத்தில் கேட்டாலன்றிச் சேர்க்காதீர்கள். உங்கள் நிறுவனத்தின் முழு அமைவும் அதில் போய்விடும், அளவும் பெருகும். கோர் கோப்புகள் ஏதாவது ஒரு சேவை நொறுங்கி விழுந்திருந்தால் மட்டும் தேவை. திகதி எல்லையை இன்றைய நாளுக்கு மட்டும் சுருக்குங்கள். அதை விட்டுவிட்டால் சில நூறு மெகாபைட்டில் முடிய வேண்டியது பல ஜிகாபைட் ஆகிவிடும்.

குறியாக்கத்தில் இரண்டு தெரிவுகள் வரும். பொதுத் திறவியைத் தெரிந்தால் சிஸ்கோவின் உதவிப் பிரிவு மட்டுமே திறக்க முடியும். முகவரும் நீங்களும் திறக்க முடியாது. பகிர்வுத் திறவியைத் தெரிந்து ஒரு சொல்லை இட்டால் அந்தச் சொல் தெரிந்தவர் திறக்கலாம். முதலில் முகவர் பார்க்கப்போகிறார் என்றால் இரண்டாவதுதான் சரி. சொல்லைக் கோப்போடு ஒரே மின்னஞ்சலில் அனுப்பாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

பண்டில் உருவாகச் சில நிமிடங்கள் முதல் அதற்கு வெகு மேலாகவும் எடுக்கலாம். இறக்கி முடித்ததும் ரன்டைம்-ஏஏஏ உட்பட மாற்றிய எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். அதே பக்கத்தில் ரீசெட் டு டிஃபோல்ட் என்ற பொத்தான் இருக்கிறது. இந்த வேலையை நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.

8. அனுப்புவதற்கு முன் திறந்து பாருங்கள்

பகிர்வுத் திறவியால் பூட்டியிருந்தால் உங்கள் கணினியிலேயே திறந்து, பிஆர்ஆர்டி-சேர்வர் கோப்பில் நீங்கள் எழுதிய நேரத்தையும் மேக் முகவரியையும் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அனுப்பிப் பயனில்லை. ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

சுவிட்சின் அமைவை இணைப்பதாயிருந்தால் இரகசியச் சொற்களை நீக்குங்கள். 7 ஆம் வகைக் குறியாக்கத்தில் இருப்பவை மறைக்கப்பட்டவை போலத் தெரியும். உண்மையில் அவற்றை யாரும் நொடியில் மீட்டுவிடலாம்.

9. அனுப்புதலும் செலவும்

லொக் எடுப்பதற்கென்று தனி உரிமக் கட்டணம் கிடையாது. செலவு மூன்று இடங்களில் வரும். முதலாவது பராமரிப்பு ஒப்பந்தம். அது காலாவதியாகியிருந்தால் நேரடி உதவி கிடையாது. வருட இறுதி ஒதுக்கீட்டில் முதலில் வெட்டப்படும் வரி இதுவாகத்தான் இருக்கும், வெட்டவிடாதீர்கள். இரண்டாவது முகவரின் ஆள் கொழும்பிலிருந்து வரும் செலவு. வீதி வழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வந்து, ஒரு கேபிளைக் கழற்றிச் செருகிப் பார்த்துவிட்டுப் போவதற்கும் நாட்கூலியும் தங்குமிடமும் கணக்கில் ஏறும். வருகைக் கட்டணம் ஒப்பந்தத்துக்குள் அடங்குமா, ஆண்டுக்கு எத்தனை வருகை, தொலைவிலிருந்து செய்யும் உதவிக்குக் கட்டணம் உண்டா என்பவற்றை விலைமனுவிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது இணையத் தரவு. ஜிமெயிலில் 25 எம்பி-க்கு மேல் இணைக்க முடியாது. பண்டில் அதற்குள் அடங்குவது அரிது. முறைப்பாடு திறந்ததும் சிஸ்கோ தரும் பதிவேற்றத் தளத்தில் முறைப்பாட்டு இலக்கமே பயனர் பெயர்; ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் தனியாகத் தரப்படும் டோக்கன்தான் கடவுச்சொல். கைபேசி இணைப்பு வழியாக அனுப்புவதானால் பொதியில் பகல் அளவு எவ்வளவு, இரவு அளவு எவ்வளவு என்று பார்த்து, பெரிய கோப்பை இரவு அளவில் அனுப்புங்கள். பதிவேற்றுவதற்கு முன் "செர்ட்யூட்டில்" கட்டளையால் எஸ்எச்ஏ 256 பெறுமானத்தை (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து முறைப்பாட்டில் எழுதிவிட்டால், கோப்பு வழியில் பழுதாகிவிட்டதா என்ற கேள்வி எழாது.

முறைப்பாட்டின் கடுமை நிலை 1 முதல் 4 வரை. முழு வலையமைப்பும் நின்றிருந்தால் 1. அப்படியானால் இணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்காமல் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஒரு கிளையின் ஒரு கணினிக்கு 1 என்று இடாதீர்கள். அது உண்மையுமன்று, அடுத்த தடவை உங்கள் சொல்லின் மதிப்பும் குறையும். முறைப்பாட்டின் முதல் பத்தியில் மேக் முகவரி, பயனர் பெயர், சுவிட்சின் ஐபி, போர்ட், தோல்வியடைந்த இரண்டு நேரங்கள், நேர வலயம், ஐஎஸ்இ காட்டிய இலக்கம், கடைசியாக அமைவில் என்ன மாற்றப்பட்டது என்பவற்றை எழுதுங்கள். கதை அதன் பின்னால் வரட்டும்.

உதவிப் பிரிவு வெளிநாட்டு நேரத்தில் பதில் எழுதும்போது உங்களுக்கு நள்ளிரவாக இருக்கலாம். கொழும்பு நேரத்தில் எந்த மணிக்குள் உங்களைப் பிடிக்கலாம் என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நாள் வீணாகாது. முறைப்பாடு முடிந்து மூடப்பட்டதும், உங்கள் கணினியிலும் யூஎஸ்பி-யிலும் முகவரின் பகிர்வுக் கோப்புறையிலும் உள்ள பண்டில் பிரதிகளை அழித்து, அழித்த திகதியை அனுமதிக் கடிதத்தின் பின்புறம் எழுதிக் கோவையில் வையுங்கள்.